எம்பிஏ சேர்க்கையில் புரொஃபைல்

எம்பிஏ சேர்க்கையில் ‘புரொஃபைல்’ என்று சொல்லப்படுவது, நுழைவுத்தேர்வு மதிப்பெண் நீங்கலாக ஒரு விண்ணப்பதாரரைப் பற்றிக் கல்லூரிக்குத் தெரியவரும் அத்தனையும்தான். பத்தாம் வகுப்பு முதல் பட்டம் வரையிலான மதிப்பெண்கள், படித்த பாடம், வேலை பார்த்த காலம், அந்த வேலையில் செய்த காரியம், வகுப்பறைக்கு வெளியே ஈடுபட்டவை, எழுதித் தரும் கட்டுரை, பரிந்துரைக் கடிதம், கடைசியாக நேர்முகத்தில் பேசும் பேச்சு எல்லாம் இதில் அடங்கும். இந்திய மேலாண்மைக் கழகங்கள் (ஐஐஎம்) நடத்தும் கேட் தேர்வு ஆண்டுக்கு ஒருமுறை, நவம்பர் மாதக் கடைசியை ஒட்டி, இரண்டு மணி நேரம் நடக்கிறது. புரொஃபைலோ அதற்கு ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்படத் தொடங்கிவிடுகிறது. பயிற்சி மையத்தில் பணம் கட்டிச் சேரும் நாளில் அதன் பெரும்பகுதி முடிந்துபோயிருக்கும். எது முடிந்துவிட்டது, எது இன்னும் கையில் இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதில்தான் தயாரிப்பு தொடங்குகிறது.

கல்லூரிகள் புரொஃபைலைப் பார்க்கும் விதம் இரண்டு. ஐஐஎம்கள் அதைக் கூட்டிப் பார்க்கின்றன. ஹார்வர்ட், இன்சியாட், ஐதராபாத் ஐஎஸ்பி போன்றவை அதை வாசித்துப் பார்க்கின்றன. முன்னதில் ஒவ்வொரு கூறுக்கும் இத்தனை மதிப்பெண் என்று சேர்க்கைக் கொள்கையில் முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். நேர்முக அழைப்புக்கான முதல் பட்டியல் பெரும்பாலும் அந்தக் கணக்கிலேயே தயாராகிவிடும். பின்னதில் சேர்க்கைக் குழுவினர் உட்கார்ந்து விண்ணப்பத்தை முழுவதும் படிக்கிறார்கள். இந்த வித்தியாசம் தெரியாமல் யோசனை கேட்பதால் வரும் குழப்பம் கொஞ்சமல்ல. அமெரிக்கக் கல்லூரிகளுக்காகச் சொல்லப்பட்ட அறிவுரையை நம்பி, கேட் எழுதப் போகிறவர் மூன்று தொண்டு நிறுவனங்களில் சான்றிதழ் வாங்கி அடுக்கியிருப்பார். ஐஐஎம்களின் முதல் பட்டியலுக்கான கணக்கில் அதற்கென்று ஒரு கட்டமே இருக்காது.

முதலில் ஐஐஎம்களின் கணக்கு. 2024ஆம் ஆண்டு கேட் தேர்வை எழுதியவர்கள் சுமார் 2.93 லட்சம் பேர். அப்படியானால் 99 பெர்சன்டைல் எடுத்தவருக்கு முன்னால் ஏறத்தாழ 2,900 பேர் நிற்கிறார்கள். அந்த உயரத்தில் பெர்சன்டைல் வித்தியாசம் மிகச் சிறியது. அங்கே ஆளைப் பிரித்துக் காட்டுவது பழைய மதிப்பெண் பட்டியல்தான். ஒவ்வொரு ஐஐஎம்மும் ‘குறைந்தபட்சத் தகுதி’ என்று ஒரு பெர்சன்டைலை அறிவிக்கிறது. அதைப் பார்த்து நிம்மதி அடைவதற்கில்லை. மாணவர் பேச்சில் ‘கால்’ எனப்படும் நேர்முக அழைப்பு, பொதுப்பிரிவில் அதைவிட வெகு உயரத்தில்தான் கிடைக்கிறது.

அகமதாபாத் ஐஐஎம் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம், பணி அனுபவம், பாலினம் ஆகியவற்றைச் சேர்த்து விண்ணப்ப மதிப்பீடு ஒன்றைக் கணக்கிடுகிறது. அண்மை ஆண்டுகளின் கொள்கைப்படி, பத்தாம் வகுப்பில் 70 விழுக்காட்டைத் தாண்டி 80 வரை எடுத்தவருக்கு 5 புள்ளி, 80ஐத் தாண்டினால் 8, 90ஐத் தாண்டினால் 10. அதாவது சரியாக 80 எடுத்தவருக்கு 5, 80.2 எடுத்தவருக்கு 8. பதினைந்து வயதில் கோட்டைவிட்ட ஓரிரு மதிப்பெண் இருபத்திரண்டு வயதில் மூன்று புள்ளியாகத் திரும்பி வருகிறது. இது நியாயமா என்று கேட்டால், நியாயம் என்று சொல்வது கடினம். ஆனால் விதி வெளிப்படையாக இருக்கிறது, எல்லாருக்கும் ஒன்றாக இருக்கிறது. மூன்று கட்டத்திலும் 90க்கு மேல் வைத்திருப்பவரைப் பயிற்சி மையங்களில் ‘நைன்-நைன்-நைன்’ என்பார்கள். அப்படி இல்லாதவர் இழந்த புள்ளிகளைக் கேட் தேர்வில் ஈடுகட்ட வேண்டும். எவ்வளவு ஈடுகட்ட வேண்டும் என்பதை ஒரு தாளில் தாமே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். பலர் இந்த அரைமணி நேர வேலையைச் செய்வதேயில்லை.

பெங்களூர் ஐஐஎம்மின் முறை இன்னும் நுணுக்கமானது. அது பள்ளி மதிப்பெண்ணை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. ஒருவருடைய மதிப்பெண்ணை, அதே கல்வி வாரியத்தில் படித்த கேட் தேர்வர்களின் 90ஆவது பெர்சன்டைல் மதிப்பெண்ணால் வகுக்கிறது. அள்ளிப் போடும் வாரியம் ஒன்றில் அந்த எல்லை 96 என்று வைத்துக்கொண்டால், அங்கே 90 எடுத்தவரின் மதிப்பு 0.94க்குக் கீழே இறங்கிவிடும். கறாராகத் திருத்தும் வாரியம் ஒன்றில் அந்த எல்லை 90 என்றால், அதே 90 முழு மதிப்பாக ஒன்றாகும். மாநிலப் பாடத்திட்டமா, சிபிஎஸ்இயா என்று தமிழ்நாட்டு வீடுகளில் நடக்கும் வாதத்துக்கு இந்தக் கணக்கில் பெரிய இடமில்லை. சக மாணவர்களுக்கு நடுவே எங்கே நின்றோம் என்பதே இங்கே கேள்வி.

மதிப்பெண் பட்டியலிலேயே சிக்கல் உள்ளவர்களும் உண்டு. பெருந்தொற்றால் 2021இல் தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடக்கவில்லை. அந்த ஆண்டு மாணவர்களின் சான்றிதழில் தேர்ச்சி என்று மட்டுமே இருக்கும். அவர்கள் விண்ணப்பப் படிவத்தின் அறிவுரைகளை முதலிலேயே படித்து, தெளிவில்லாத இடத்தைச் சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்த வேண்டும். சிஜிபிஏ விஷயமும் இப்படித்தான். பல்கலைக்கழகம் தரும் மாற்றுக் கணக்கு எதுவோ அதையே எழுத வேண்டும். அப்படி எதுவும் இல்லை என்று பல்கலைக்கழகமே சொன்னால், பெற்ற சிஜிபிஏவை அதிகபட்ச சிஜிபிஏவால் வகுத்து நூறால் பெருக்குவது கேட் விதி. சாதகமான சூத்திரத்தைத் தேடி எடுத்துப் போட்டவர்கள் சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டிக்கொள்கிறார்கள்.

இடஒதுக்கீட்டில் நடக்கும் ஒரு தவறைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது முழுக்க முழுக்கக் காகிதத்தால் வரும் இழப்பு. ஐஐஎம்களில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு, பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 10 விழுக்காடு வரை, மாற்றுத்திறனாளிகளுக்கு 5 விழுக்காடு இடங்கள் உண்டு. தமிழக அரசின் பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழை வைத்துக்கொண்டு இந்த 27 விழுக்காட்டில் நுழைய முடியாது. சாதி மத்திய அரசின் ஓபிசி பட்டியலில் இருக்க வேண்டும். கிரீமிலேயருக்குள் வராதவர் என்று மத்திய அரசு படிவத்தில் தாசில்தாரிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். அது அந்தச் சேர்க்கை ஆண்டுக்குப் பொருந்தும் தேதியில் இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, விஏஓ, ஆர்ஐ என்று கோப்பு நகர்ந்து வரச் சில வாரங்கள் ஆகலாம். நல்ல மதிப்பெண் எடுத்தும் இந்தத் தாள் பழையதாக இருந்ததால் பொதுப்பிரிவுக்குத் தள்ளப்படுவது, புரொஃபைல் விஷயத்தில் நேரக்கூடிய அபத்தங்களில் முதன்மையானது.

பணி அனுபவத்தைக் கணக்கிடும்போது பட்டம் முடித்த பிறகான முழுநேர வேலை மட்டுமே எடுத்துக்கொள்ளப்படும். படிக்கும்போது செய்த இன்டர்ன்ஷிப், பகுதிநேர வேலை இவற்றுக்குப் புள்ளி இல்லை. பெங்களூர் ஐஐஎம்மின் கணக்கில் இந்தப் புள்ளி மாதத்துக்கு மாதம் ஏறி 36 மாதத்தில் உச்சத்தைத் தொடும். அதற்கு மேல் எத்தனை ஆண்டு சேர்த்தாலும் ஏறாது. ஆகவே இரண்டாண்டு முதுநிலைப் படிப்புக்கு நான்கைந்து ஆண்டு காத்திருப்பதில் பொருளில்லை. அவ்வளவு அனுபவம் உள்ளவர்களுக்கென்றே ஓராண்டுப் படிப்புகள் தனியாக இருக்கின்றன. அகமதாபாத்தின் பிஜிபிஎக்ஸ் படிப்புக்குக் குறைந்தது நான்கு ஆண்டு அனுபவம் வேண்டும். குடும்பத் தொழிலில் இருந்தவர்கள் சம்பளம் வந்த வங்கிக் கணக்கு, வருமானவரிக் கணக்கு ஆகியவற்றைக் காட்ட முடிந்தால்தான் அந்த அனுபவம் நிற்கும். அப்பா கையெழுத்திட்ட கடிதம் ஒன்றை மட்டும் நீட்டினால் எடுபடாது.

பொறியியல் படித்த ஆண்கள் இந்த வரிசையில் மிக அதிகம். பொதுப்பிரிவைச் சேர்ந்த அத்தகையவரைத் தேர்வர்கள் ‘ஜெம்’ என்று சுருக்கிக் கேலி செய்துகொள்வது வழக்கம். வகுப்பறை முழுவதும் ஒரே மாதிரி ஆட்களால் நிரம்பிவிடாமல் இருக்க, பெண்களுக்கும் பொறியியல் அல்லாத பாடம் படித்தவர்களுக்கும் பல ஐஐஎம்கள் கூடுதல் புள்ளி தருகின்றன. 2013இல் கோழிக்கோடு ஐஐஎம்மில் நுழைந்த வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள் இருந்தது அப்போது பெரிய செய்தி. வணிகவியல், பொருளாதாரம், வரலாறு, வேளாண்மை படித்தவர்கள் தங்கள் பாடத்தைத் தாழ்வாக நினைத்து, நேர்முகத்தில் அதைப் பற்றிப் பேசத் தயங்குவதைப் போல வீணான காரியம் வேறில்லை. சிஏ முடித்தவர்களுக்கு அந்தத் தேர்ச்சியே கேட் எழுதும் தகுதியாகவும் கொள்ளப்படுகிறது.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் மாற்ற முடியாதவை. மாற்றக்கூடியது அழைப்பு வந்த பிறகு தொடங்குகிறது. அகமதாபாத்தின் இறுதித் தேர்வுக் கணக்கில் நேர்முகத்துக்கு 50, எழுத்துத் தேர்வுக்கு 10, கேட்டுக்கு 25, விண்ணப்ப மதிப்பீட்டுக்கு 15 என்பது அண்மை ஆண்டுகளின் பங்கீடு. பாதி எடை இருபது நிமிடப் பேச்சில் இருக்கிறது. அந்தப் பேச்சுக்கான கேள்விகளோ விண்ணப்பதாரர் தாமே எழுதிக்கொடுத்த படிவத்திலிருந்துதான் பிறக்கின்றன. புரொஃபைல் இரண்டாம் முறையாக, இம்முறை மனிதர்களால், பார்க்கப்படும் இடம் இது.

நேர்முகக் குழுவில் இரண்டு அல்லது மூன்று பேர் இருப்பார்கள். படிவத்தில் ஏதாவது ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கீழே கீழே தோண்டுவது அவர்கள் வழக்கம். பொழுதுபோக்கு பரதநாட்டியம் என்று எழுதியிருந்தால் கலாக்ஷேத்ரா பாணிக்கும் வழுவூர் பாணிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். சதுரங்கம் என்றால் பிடித்த தொடக்க ஆட்டம் எது, அதில் கறுப்புக்கு என்ன சங்கடம் என்று கேட்கலாம். ‘புத்தகம் வாசித்தல்’ என்று எழுதுவதைப் போல ஆபத்தான வரி கிடையாது. சொந்த ஊரும் தப்பாது. திருப்பூர்க்காரரிடம் சாயப்பட்டறைகளைப் பற்றிக் கேட்பார்கள்: 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றை மூடச் சொன்னது ஏன், நொய்யலுக்கு என்ன நேர்ந்தது, கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாத சுத்திகரிப்பு வந்த பிறகு சாயமிடும் செலவு என்ன ஆனது, அந்தச் செலவோடு வங்கதேசத்தின் விலைக்கு எப்படி ஈடுகொடுப்பது. சிவகாசிக்காரரிடம் பேரியம் உப்புக்கு விதித்த தடையையும் பசுமைப் பட்டாசையும் எடுப்பார்கள். விடை தெரியுமா என்பதைவிட, பிறந்து வளர்ந்த ஊரின் பிழைப்பை ஒருவர் கண் திறந்து பார்த்திருக்கிறாரா என்பதையே அவர்கள் அளக்கிறார்கள்.

இங்கே தமிழ்நாட்டுச் சிறுநகர மாணவர்கள் பெரும்பாலும் மறைக்கும் ஒரு விஷயம் உண்டு. அப்பாவின் மளிகைக் கடையில் பள்ளி நாளிலிருந்தே உட்கார்ந்தவர், அதைச் சொல்லக் கூச்சப்பட்டு, அந்த இடத்தில் இணையவழி டிஜிட்டல் மார்க்கெட்டிங் சான்றிதழ் ஒன்றை எழுதியிருப்பார். கடன் நோட்டில் யாருக்கு எவ்வளவு வரை ஏற்றலாம் என்று அவருக்குத் தெரியும். தீபாவளிக்கு எத்தனை மூட்டை சர்க்கரை எடுப்பது, மிச்சமானால் பணம் எத்தனை நாள் முடங்கும் என்று தெரியும். தெருக்கோடியில் சூப்பர் மார்க்கெட் வந்தபோது எந்தச் சரக்கின் விற்பனை விழுந்தது, எது விழவில்லை என்று தெரியும். கடன் இடர், சரக்கிருப்பு, போட்டி என்று எம்பிஏ முதல் ஆண்டில் நடத்தும் பாடங்கள் இவைதாம். மொட்டையாக ‘குடும்பக் கடையில் உதவி’ என்று எழுதாமல், இந்த விவரங்களோடு எழுதினால், சான்றிதழ் தராத கேள்விகளை அது வரவழைக்கும். அந்தக் கேள்விகளுக்கு அவரிடம் விடையும் இருக்கும்.

வேலையை விவரிக்கும் விதமும் இப்படியே. ‘பெரிய ஐடி நிறுவனத்தில் வங்கி வாடிக்கையாளருக்காக டெஸ்டிங் செய்தேன்’ என்ற வரியில் அந்த மனிதரைக் காணவில்லை. அதே வேலையை ‘கடன் தவணை கணக்கிடும் மென்பொருளில், தவணை நாள் விடுமுறையில் விழுந்தால் வட்டி தவறாக ஏறுவதைக் கண்டுபிடித்தேன், அது வாடிக்கையாளர்களின் கணக்கில் ஏறுமுன் நிறுத்தினோம்’ என்று சொன்னால், வங்கி எப்படி இயங்குகிறது என்று பார்த்தவர் அவர் என்பது புரியும். இரண்டும் ஒரே வேலை, ஒரே சம்பளம். ஆனால் இரண்டாவது வரியை எழுத, வேலையில் இருக்கும்போதே தான் செய்வது யாருக்கு எதற்குப் பயன்படுகிறது என்று விசாரித்திருக்க வேண்டும். அதைக் கடைசி வாரத்தில் உருவாக்க முடியாது. மெக்கானிக்கல் படித்துவிட்டு ஐடிக்குப் போனது ஏன் என்ற கேள்வி நிச்சயம் வரும். வளாகத் தேர்வில் அந்த வேலைதான் கிடைத்தது என்ற உண்மையான விடையே போதும், கூடவே பட்டப்படிப்பின் இரண்டு பாடங்களாவது ஞாபகத்தில் இருந்தால்.

சான்றிதழ்களைப் பொறுத்தவரை, தேர்வு கடினமானதா என்பதே அளவுகோல். சிஎஃப்ஏ முதல் நிலை, சிஏ இடைநிலை போன்றவை எடை உள்ளவை. வார இறுதிப் பட்டறைகளில் கிடைப்பவை காகிதம். என்எஸ்எஸ் ஏழு நாள் முகாமில் ஒரு கிராமத்தில் உண்மையாகவே வேலை செய்தவரும், என்சிசியில் ‘சி’ சான்றிதழ் வரை போனவரும் அதைச் சொல்லலாம். ஒரு காரியத்தில் மூன்று ஆண்டு இருந்ததற்கு உள்ள மதிப்பு, பத்துக் காரியங்களில் மூன்று வாரம் இருந்ததற்குக் கிடையாது.

வாசித்துப் பார்க்கும் கல்லூரிகளுக்கு வரும்போது நிலைமை மாறுகிறது. அங்கே பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணுக்குத் தனிப் புள்ளி இல்லை. பட்டப்படிப்பு, ஜிமேட் அல்லது ஜிஆர்இ தேர்வு, வேலை, கட்டுரை, பரிந்துரை எல்லாம் சேர்ந்து ஒரே கதையாக வாசிக்கப்படுகின்றன. 2023 நவம்பரில் வந்த புதிய ஜிமேட் 205 முதல் 805 வரை மதிப்பெண் தருகிறது. அந்த மதிப்பெண் ஐந்து ஆண்டு செல்லும். 1908இல் தொடங்கிய ஹார்வர்ட் வணிகப் பள்ளியில் சேருபவர்கள் சராசரியாக ஐந்தாண்டு அளவில் வேலை பார்த்தவர்கள். 2024இல் அது தன் ஒற்றைக் கட்டுரையைக் கைவிட்டு, தொழில் நாட்டம், தலைமை, வளர்ச்சி என்ற மூன்று தலைப்பில் சிறு கட்டுரைகளைக் கேட்கத் தொடங்கியது. தலைமை என்றால் பதவி என்று நினைப்பது இந்திய விண்ணப்பங்களில் பரவலாகக் காணும் பிழை. கல்லூரிச் சங்கத் தலைவர் என்ற பட்டத்தை எழுதிவிட்டு, அந்தப் பதவியில் என்ன மாறியது என்று எழுதாமல் விட்டுவிடுவார்கள்.

பரிந்துரைக் கடிதத்தில் வேறொரு தொல்லை. நம் அலுவலகங்களில் மேலாளரிடம் போய் நின்றால், “நீயே எழுதிக் கொண்டு வாப்பா, நான் போட்டுவிடுகிறேன்” என்பார். அன்பால் சொல்வதுதான். ஆனால் கட்டுரையும் பரிந்துரையும் ஒரே நடையில், ஒரே சொற்களோடு வந்தால் ஆயிரக்கணக்கில் படித்துப் பழகிய கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும்; விண்ணப்பம் நிராகரிக்கப்படவும் அது போதும். மேலாளரிடம் நேரில் அரைமணி நேரம் கேட்டு உட்கார்ந்து, சேர்ந்து செய்த வேலைகளை நினைவூட்டிவிட்டு, எழுத்தை அவரிடமே விட்டுவிடுவது ஒன்றே வழி. பெரிய பதவியில் இருக்கும் அறிமுகமில்லாதவரின் கடிதத்தைவிட நேரடி மேலாளரின் கடிதம் மேல்.

இரண்டு வகை வாசலிலும் நுழைந்தவர், பெப்சிகோவின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த இந்திரா நூயி. சென்னை கிறித்தவக் கல்லூரியில் அறிவியல் பட்டம் முடித்து நேரே கல்கத்தா ஐஐஎம்முக்குப் போய் 1976இல் வெளியே வந்தார். பிறகு மேட்டூர் பியர்ட்செல் துணி நிறுவனத்திலும் ஜான்சன் அண்ட் ஜான்சனிலும் வேலை பார்த்தார். ஜான்சனில் ஸ்டேஃப்ரீ சானிட்டரி நாப்கினை, அதற்கு விளம்பரம் செய்ய முடியாத காலத்து இந்தியாவில், அறிமுகப்படுத்தும் பொறுப்பு அவருடையது. பள்ளி, கல்லூரி வழியாகப் பெண்களிடம் நேரே போய்ப் பேசித்தான் அந்தப் பொருளை விற்க முடிந்தது. அதன் பிறகே யேல் பல்கலைக்கழகம். அங்கே 1980இல் பட்டம். கிட்டார் வாசித்ததும் கிரிக்கெட் ஆடியதும் அவரைப் பற்றிய கட்டுரைகளில் எல்லாரும் எடுத்துச் சொல்லும் சுவையான செய்திகள். ஆனால் படித்துப் பார்க்கும் ஒரு சேர்க்கைக் குழுவுக்கு அவரிடம் இருந்த கனமான பகுதி அந்த நாப்கின் விற்பனைதான் என்று கொள்ள இடமிருக்கிறது. லயோலாவில் இயற்பியல் படித்து, யூனியன் கார்பைடு ஆலையில் நான்கு ஆண்டு வேலை பார்த்த பிறகு அகமதாபாத் ஐஐஎம்மின் முதல் சில வகுப்புகளில் சேர்ந்த மேலாண்மை அறிஞர் சி.கே. பிரகலாதும் ஆலை அனுபவத்தோடு வகுப்புக்குள் போனவரே.

ஐஐஎம்கள் தவிர்த்த இந்தியக் கல்லூரிகள் இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே நிற்கின்றன. ஜாம்ஷெட்பூர் எக்ஸ்எல்ஆர்ஐயின் எக்ஸாட் தேர்வில் முடிவெடுத்தல் என்று தனிப் பகுதியே உண்டு. மும்பை எஸ்பிஜைன் புரொஃபைலைப் பார்த்தே ஒரு பகுதி அழைப்புகளை அனுப்புகிறது. திருச்சியில் பெல் வளாகத்தில் 1984இல் தொடங்கிய பாரதிதாசன் மேலாண்மைக் கழகமும், 2004இல் பேராசிரியர் பாலா பாலச்சந்திரன் தொடங்கிய கிரேட் லேக்ஸும் தமிழ்நாட்டு மாணவர்கள் முதலில் எண்ணிப் பார்க்கும் பெயர்கள். அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் நுழைவுத்தேர்வு வழியாகச் சேரும் கல்லூரிகளில் தேர்வு மதிப்பெண்ணும் கலந்தாய்வுமே முக்கியம். அங்கே புரொஃபைலுக்கென்று தனியாக உழைக்கத் தேவையில்லை. திருச்சி ஐஐஎம் உள்ளிட்ட புதிய ஐஐஎம்கள் பல சேர்ந்து ஒரே நேர்முகத்தை நடத்தியிருக்கின்றன; ஒரே பேச்சு பல இடங்களுக்குக் கணக்கில் வருவதால் அதற்குத் தயாராவதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

எழுதியதெல்லாம் சரிபார்க்கப்படும். ஐஐஎம்கள் அசல் சான்றிதழ், பணி விடுவிப்புக் கடிதம், சம்பளச் சீட்டு வரை கேட்கும். வெளிநாட்டுக் கல்லூரிகள் சில தனி நிறுவனங்களை வைத்தே வேலை, சம்பளம், பதவி ஆகியவற்றை விசாரிக்கின்றன. பொய் வெளிப்பட்டால் இடம் கிடைத்த பிறகும் அதை ரத்து செய்ய முடியும். வேலையில்லாமல் இருந்த மாதங்களை மறைத்துத் தேதியை நீட்டுவதுதான் எளிதில் பிடிபடும் பொய். அந்த மாதங்களில் வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்டதையோ அரசுத் தேர்வுக்குப் படித்ததையோ அப்படியே எழுதுவதற்கு எந்தத் தடையும் இல்லை.

முதல் முறை கிடைக்காதவர்கள் இரண்டாம் முறை முயல்வது சாதாரணம். கேட் மதிப்பெண் அந்த ஒரு சேர்க்கை ஆண்டுக்கு மட்டுமே செல்லும் என்பதால் தேர்வை மறுபடி எழுதித்தான் ஆக வேண்டும். இடையில் கூடும் பன்னிரண்டு மாத அனுபவம் கணக்கில் சில புள்ளியைச் சேர்க்கும், பள்ளி மதிப்பெண் அப்படியே நிற்கும். ஜிமேட் எழுதியவர் பழைய மதிப்பெண்ணோடே மறுபடி விண்ணப்பிக்கலாம். ஆனால் மறுவிண்ணப்பதாரரிடம் போன ஆண்டுக்குப் பிறகு என்ன மாறியது என்று பல கல்லூரிகள் தனியாகவே கேட்கின்றன. அமெரிக்கப் பள்ளிகளின் முதல் சுற்று பெரும்பாலும் செப்டம்பரில் முடிவதால், அதற்கு எழுதக்கூடிய மாற்றம் அந்த ஆகஸ்டுக்குள் வேலையில் நடந்திருக்க வேண்டும்.